முன்னூறு விரல்கள்

1973, வைகாசி மாதம். காலை எட்டேகால் மணி.

கண்ணாடி பீரோவின் மேல்தட்டில் ஐந்து மரப்பெட்டிகள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. ஐந்தாவதின் இடத்தில், தட்டில் விரித்த செய்தித்தாள் மட்டும் வெயில் பட்டு மஞ்சளாய்ப் பழுத்துக் கிடந்தது.

"ஸ்லைடு பெட்டி காணோம்," என்றார் டாக்டர் வரதராஜன்.

ஏலவார்குழலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காஞ்சிபுரத்து யானைக்கால் நோய் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகர் அவள். பதினோரு மணிக்கு டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. டாக்டருக்குப் பெரிய பதவி தரலாமா என்று பார்க்க. அதற்காகத்தான் மூன்று மாதமாக மெட்ராஸுக்கு பஸ் பிடித்து, தலையணை தண்டி புத்தகங்களைப் புரட்டி, அவர் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தாள்.

எண்பத்து மூன்று. அதில் அறுபது ஒரே கட்டுரைக்கு. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் முன்னூறு பேருக்குப் புது அளவில் மருந்து கொடுத்து, பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒருவரிடமும் புழு இல்லை என்ற கட்டுரை. அவருடைய மற்ற கட்டுரைகளில் எல்லாம் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து எழுதியிருந்தார்கள். இதில் மட்டும் அவர் பெயர் தனியாக. 'ஒத்த ஆளா சாதிச்சிருக்காரு' என்று பூரித்துப்போனவள் குழலி. அது அவள் பிறந்த தெரு. அம்மா வடிவாம்பாளுக்கு ஒரு வருஷமாகக் கால் வீங்கிக் கிடந்தும், சுளுக்கு என்றுதான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நோய்தான் அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டதே.

அந்த முன்னூறு பேரின் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடுகள்தான் காணாமல் போன பெட்டியில் இருந்தவை. அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்.

ஒன்பதரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேவசகாயம் வந்தார்.

"பீரோ சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. அட்டெண்டர் பழனிகிட்ட ஒண்ணு," என்றார் டாக்டர்.

"பூட்டு உடையலை. பெட்டியைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். எட்டு வருஷமா அதே எடத்துலதான் இருக்குது. நகர்த்தினதே இல்ல."

"அவ்வளவு முக்கியமா?"

"ராத்திரி ராத்திரியா வீடு வீடா ஏறி, தறியில கெடந்துட்டுப் படுத்தவங்களை எழுப்பி, ஒவ்வொருத்தர் மோதிர விரல்லயும் குத்தி எடுத்த ரத்தம் சார். இந்தப் புழு ராத்திரியிலதான் ரத்தத்துல தெரியும்."

தேவசகாயம் பழனியின் பக்கம் திரும்பினார். "என்னப்பா?"

"அந்தப் பெட்டி என் கண்ணுலயே பட்டதில்ல சார்."

"இருபது வருஷமா இங்கதான் வேலை. சாவியும் கையில. கண்ணுல மட்டும் படலையாம். யாரு சொல்லிக் குடுத்தா?"

பழனி குழலியைப் பார்த்தான். "நீயாவது சொல்லும்மா. சின்னதுல உன் காதைப் புடிச்சி எத்தினி வாட்டி ரத்தம் எடுக்க ஊசி குத்தியிருப்பேன். வலிக்காதுன்னு சொன்னதத் தவிர என்னா பொய் சொல்லிக்கீறேன்? அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கினு திருடுவனா?"

"ஜீப்ல ஏறு."

பழனி வெளியே போய் ஜீப்பில் ஏறினான். குழலிக்குச் சட்டென்று காது மடல் குறுகுறுத்தது. பீரோவிடம் போனாள். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் தூக்கினாள். பிறகு காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், பழனியண்ணனை எறக்குங்க. எதுவும் திருடு போகல."

"என்னம்மா சொல்ற?"

"இந்த நாலு பெட்டிக்கும் அடியில பாருங்க, பேப்பர் வெள்ளையா இருக்குது. வெயில் படல. அஞ்சாவது எடத்துல மட்டும் முழுசா பழுத்துப்போயிருக்குது. எட்டு வருஷமா ஒரு பெட்டி அங்க உக்காந்திருந்தா அந்தப் பேப்பர் எப்படி சார் பழுக்கும்? அங்க பெட்டியே இருந்ததில்ல."

"இல்லாத பெட்டியை இருந்துதுன்னு எதுக்குச் சொல்லணும்?"

"கமிட்டி ஸ்லைடைக் கேட்டிருக்காங்க. ஸ்லைடே இல்ல, அதான்." அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. "எங்க தெருவுல பட்டு நெய்யுறவங்க எவரும் விரலைக் குத்த விட மாட்டாங்க சார். பாவு நூல்ல ஒரு சொட்டு ரத்தம் பட்டா பொடவை போச்சு. அதனாலதான் பழனியண்ணன் எங்களுக்கெல்லாம் காதுல குத்துவாரு. முன்னூறு நெசவாளிங்க விரலை நீட்டுனாங்கன்னு சொல்றவரு, ஊசியோட எங்க தெருப்பக்கம் வந்ததே இல்ல. வேற யாரையும் சேத்துக்காம எழுதினதும் அதுக்குத்தான். சேத்திருந்தா, எப்பப்பா போனோம்னு கேட்டிருப்பாங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

"அறுபது டாக்டருங்க மேற்கோள் காட்டியிருக்காங்க," என்றார் மெதுவாக. "அத்தனை பேரும் முட்டாளா குழலி?"

"முட்டாள் இல்ல சார், நம்புனாங்க. எங்க தெருவும்தான் நம்புச்சு. புழு போயிடுச்சுன்னு நீங்க ராத்திரி கிளினிக்கை மூடுனீங்க. நான் எங்கம்மா காலுக்கு எண்ணெய் தடவிக்கினு..."

அவள் கையில் இருந்த தாள் கசங்கியது.

பதினோரு மணிக்கு முன்பே வாசலில் கார் ஹாரன். கமிட்டித் தலைவர் படியேறி வந்தார். ஜீப்பையும் போலீஸையும் பார்த்துப் புருவம் சுருக்கினார். குழலியின் கையில் கசங்கியிருந்த தாளைக் கண்டு, "மேற்கோள் கணக்கா?" என்றார்.

"ஆமா சார். எண்பத்து மூணு." நீட்டினாள். "அதுல அறுபது பொய்யி. மத்த இருபத்து மூணு நிஜம். அதுக்கெல்லாம் ரத்தம் எடுத்தவரு பேரு எந்தக் கட்டுரையிலயும் இல்ல. வெளிய போலீஸ் ஜீப்ல உக்காந்துக்கினு இருக்காரு, பாருங்க."