அறுபத்திரண்டாவது இரவல்

டெலிபோன் அடித்தது.

காலை ஒன்பது முப்பத்தைந்து. மாட்டுங்கா தமிழ் நூலகம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ருக்கு, ஆறாவது மணியில் ரிசீவரை எடுத்தாள்.

"யக்கா... தாராவி கிளைலேர்ந்து தங்கமயில் பேசுதேன். தலைவர் எழுதுன 'நானெனும் நாவாய்' அங்கதான இருக்கு?"

"இருக்கு, தங்கம்."

"அத எங்கய்யா பேர்ல யாரோ இரவல் கேட்டிருக்காவ! எங்கய்யா செத்து நாலு வருசமாச்சு!"

"பிச்சை ஆயுள் மெம்பர். ஆயுள் மெம்பர் கணக்க மூடணும்னா அவரே கையெழுத்துப் போட்டு லெட்டர் தரணும். ரூல்."

"எப்படிக்கா தருவாரு? சரி, அந்த புக்க எடுத்து ஒளிச்சு வச்சிருங்க."

"எடுக்க முடியாது. அதுமேல தலைவர் படுத்துண்டிருக்கார்."

"லைப்ரரிலயா? தூங்குதாரா?"

"இல்ல. போயிட்டார்."

"எங்க போயிட்டாரு?"

ருக்கு கொஞ்சம் யோசித்தாள்.

"அது தெரியல."

மறுமுனையில் அலறல்!

ருக்கு அலறவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, மேஜை மேல் கிடந்த ஒரு அட்டையை நேராக்கினாள். முழ அகலத்தில் வெள்ளை அட்டை. சிவப்பு மையில் பெரிய எழுத்து. மேலே இரண்டு ஓட்டை, ஒரு சணல் கயிறு.

பிறகு போலீசுக்கு போன் செய்தாள்.

கணவர் நாணு இறந்த இந்த இரண்டு வருடமாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாம்பாரில் உப்பு கூடினாலும் சாப்பிடுவாள். ரயிலில் காலை மிதித்தால், மிதித்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் குனிந்து பார்ப்பாள். இன்று பிணம்...

பிணத்தின் பெயர் அனந்தநாராயணன். வயது எழுபத்தொன்று. நூலகக் கூட்டமைப்பின் தலைவர். 'சொல்வேந்தர்', 'பன்னூற் பெருந்தகை', 'மும்பை முத்தமிழ் முரசு' என்று பதினான்கு பட்டங்கள். பதினான்கும் அவரே சிபாரிசு செய்து அவரே தயக்கத்துடன் ஏற்றுக்கொண்டவை.

இப்போது முரசு தரையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மர ஏணி, மூன்றாவது படி முறிந்து. தலைக்கு அடியில் அவரே எழுதிய தன்வரலாறு. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். கெட்டி அட்டை. மூலையில் ரத்தம்!

சப்-இன்ஸ்பெக்டர் ராஜகுமார் பத்து நிமிடத்தில் வந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"அரே பாப்ரே... ரெண்டரைக் கிலோ இருக்கும். இது ஆயுதம் மேடம்!"

"புக்."

"ரெண்டும்தான்! கதவு?"

"அவர் சாவியாலதான் திறந்திருக்கு. எட்டு மணிக்கு வந்திருக்கார்னு வாச்மேன் சொல்றான். நான் ஒன்பதரைக்கு வந்தேன். அப்பவே கதவு திறந்து கிடந்தது."

"அப்ப யாரு வேணாலும் வந்திருக்கலாம்." ராஜகுமார் குனிந்து பிணத்தின் வலது கையைப் புரட்டினார். குரல் உயர்ந்தது. "வெரலப் பாருங்க! ஊதாக் கலர்! விஷம்!"

"சீல் மை."

"ஓ..."

கட்டிங் சாய் வந்தது. ராஜகுமார் கண்ணாடி கிளாசை வைக்க இடம் தேடி, மேஜையில் கிடந்த அட்டையின் மேல் வைத்தார்.

"இவருக்கு எதிரி யாராச்சும்? மிரட்டல் கிரட்டல்?"

"மினிட்ஸ்ல இருக்கு."

"என்னது?"

"போன வாரம் மீட்டிங். தாராவி கிளைல இரவல் கணக்கு கம்மி, அதை மூடிடணும்னார் தலைவர். அங்கே ஐநூறு பேர் உக்காந்து படிக்கறா, எழுந்து எடுத்துண்டு போக வீட்டுல இடமில்லன்னா தங்கமயில். 'என் புத்தகத்தைப் பாருங்கள், எத்தனை இரவல்!'னார் தலைவர்."

"அதுக்கு?"

ருக்கு மினிட்ஸ் நோட்டைப் பிரித்து, காய்கறி லிஸ்ட் படிப்பது போலப் படித்தாள்.

"'அந்தப் புத்தகத்தைத் தூக்கி உம்ம மண்டையில் போட்டால்தான் உமக்குப் புத்தி வரும்' என்று தாராவி கிளை நூலகர் கருத்துத் தெரிவித்தார். தலைவர் நன்றி கூறினார். கூட்டம் முடிவுற்றது."

ராஜகுமார் டீயை உறிஞ்ச மறந்தார்.

"இத நீங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"மினிட்ஸ்னா சொன்னதத்தானே எழுதணும்?"

"பஸ், போதும்! கேஸ் முடிஞ்சது!" கான்ஸ்டபிளைப் பார்த்துக் கத்தினார். "தாராவிக்குப் போ! அவள ஜீப்ல ஏத்திட்டு வா!"

அரைமணியில் தங்கமயில் வந்தாள். முப்பத்துநாலு வயது. அழுது வீங்கிய கண். தோளில் கிளையின் கான்வாஸ் பை... பதற்றத்தில் அதையும் மாட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

"அண்ணே, சத்தியமா நான் ஒண்ணும் செய்யலண்ணே!"

"சார்னு சொல்லு. காலைல எட்டு மணிக்கு எங்க இருந்த?"

"லைப்ரரிலதான், தூத்துட்டு இருந்தேன்."

"யாரு பாத்தா?"

"தூத்துப் பெருக்கதுக்கு யாரு சாட்சி வைப்பா? யக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"அவங்கதான் சொன்னாங்க," என்றார் ராஜகுமார். "மினிட்ஸ்ல."

தங்கமயில் திரும்பி ருக்குவைப் பார்த்தாள்.

"அதப் போயி எழுதியா வச்சிய?"

ருக்கு மினிட்ஸ் நோட்டை மூடி வைத்தாள்.

"ஏறுனாரு. ஏணியத் தள்ளிட்ட. புக்க எடுத்து மண்டைல போட்ட." ராஜகுமார் விரல் விட்டு எண்ணினார். "கொலை! செக்ஷன் முன்னூத்தி ரெண்டு! இப்ப நம்பர மாத்திட்டான், ஆனா ஜெயில் அதே ஜெயில்தான். கிளம்பு!"

கான்ஸ்டபிள் தங்கமயிலின் தோளைத் தொட்டான்.

"எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குண்ணே... சார்... ஸ்கூல் விட்டு ஒண்ணரைக்கு வரும்..."

"சார்," என்றாள் ருக்கு.

"என்ன மேடம்?"

"அவர் பாக்கெட்டப் பாத்தேளா?"

ராஜகுமார் பார்த்தார். ஜிப்பாவின் இடது பாக்கெட்டில் ஒரு கட்டை. அடியில் ரப்பர் சக்கரம். நூலகத்தில் புத்தகத்துக்குத் தேதி குத்தும் சீல்!

"தேதி என்ன இருக்கு?"

"பதினாலு... மார்ச்... ட்வெண்டி ட்வெண்டி டூ? இது பழைய தேதி!"

"நேத்து சாயங்காலம் நான் வெக்கறப்ப நேத்து தேதி. அவர்தான் சக்கரத்தத் திருப்பியிருக்கார். அதான் விரல்ல மை."

"ஏன்?"

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு விருதுக் குழு வரது. 'அதிகம் வாசிக்கப்பட்ட நூல்' விருது. கம்ப்யூட்டர்ல அறுபத்தோரு இரவல் இருக்கு. புக்கோட கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கற தேதிச் சீட்டையும் பாக்கணும்னு லெட்டர் போட்டுட்டா. பிரிச்சுப் பாருங்கோ."

ராஜகுமார் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். முதுகு மடமடவென்று உடைந்தது. முதன்முறையாகத் திறக்கும் சத்தம்.

சீட்டு வெள்ளையாக இருந்தது. ஒரு சீல் கூட இல்லை!

"அறுபத்தோரு பேர் படிச்சதா சொன்னீங்க?"

ருக்கு ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினாள். ராஜகுமார் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கி, அவளிடமே கொடுத்தார்.

"நமக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க வராது. மராத்தி மீடியம்."

"தாராவி பிச்சை, திலக் நகர் விசாலாக்ஷி, வாஷி கலீலுல்லா... எல்லாரும் ஆயுள் மெம்பர்ஸ். இந்த அறுபத்தோரு பேர்ல ஒருத்தரும் உயிரோட இல்ல."

ராஜகுமார் கையிலிருந்த புத்தகத்தைச் சட்டென்று மேஜையில் வைத்தார்.

"படிச்சதாலயா?"

"படிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. புண்ணியம் பண்ணினவா. நாலு கிளைக்கும் சேத்து ஒரே கம்ப்யூட்டர் லிஸ்ட். யாரு எந்தக் கிளைலேர்ந்து புக் கேட்டாலும் என் ஸ்க்ரீன்ல வரும். நான் 'சம்மதம்' கிளிக் பண்ணினா, புக் பையில ஹார்பர் லைன் ட்ரெயின்ல போகும். இந்த அறுபத்தொண்ணும் தலைவரோட லாகின்லேர்ந்து வந்தது. கிளிக் மட்டும் பண்ணுவேன். புக் எங்கயும் போனதில்ல."

"தெரிஞ்சே ஏன் பண்ணீங்க?"

"பண்ணலேன்னா மெமோ வரும்."

"புக்கு ஏன் மேல் தட்டுல இருந்துது?"

"அஞ்சு வருஷம் யாரும் தொடாத புக் மேல் தட்டுக்குப் போகணும். தலைவர் கையெழுத்துப் போட்ட ரூல்."

ராஜகுமார் தலையைச் சொறிந்தார். திருட்டுத்தனமாக சீல் குத்த வந்த ஆசாமி, தானே ஏறி, தானே விழுந்து, தன் புத்தகம் தன் மண்டையிலேயே விழ... கொலை கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. கூடவே பிரமோஷனும்.

"ஏணி உடைஞ்சது அவருக்குத் தெரியாதா?"

"மூணு லெட்டர் எழுதியிருக்கேன். மூணுலயும் 'பரிசீலிக்கப்படும்'னு கையெழுத்து போட்டிருக்கார்."

அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் வழக்கம் சொல்வேந்தருக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

"அது சரி... உடைஞ்ச ஏணில ஒரு போர்டாவது மாட்டக் கூடாதா மேடம்?"

ருக்குவின் பார்வை மெல்ல இறங்கி, மேஜை மேல் நின்றது.

ராஜகுமாரின் பார்வையும் பின்னாலேயே வந்தது. டீ கிளாசைத் தூக்கினார். அட்டையை எடுத்தார். சணல் கயிறு ஆடியது.

"இது என்ன? செவப்புல எழுதிருக்கு? டேஞ்சரா?"

ருக்கு வாயைத் திறந்தாள்.

"அமைதி காக்கவும்!"

சொன்னது தங்கமயில். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள்.

"அ-மை-தி... காக்க-வும். சைலன்ஸ் ப்ளீஸ், சார்."

"அச்சா." ராஜகுமார் அட்டையை வைத்து, கிளாசை மறுபடி அதன் மேல் வைத்தார். "நல்ல விஷயம். இந்த ஊர்ல எவன் கேக்கான்?"

பிணம் போனது. ஏணி போனது. புத்தகத்தை எவிடன்ஸ் என்று ராஜகுமார் கக்கத்தில் இடுக்கினார். ருக்கு அவரை விடவில்லை.

"மெம்பர் இல்லாதவாளுக்கு புக் தர முடியாது."

"மேடம், நான் போலீஸ்!"

"ஃபாரத்துல 'தொழில்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதுங்கோ."

எழுதினார். மராத்தியில். வெள்ளைச் சீட்டில் ருக்கு இன்றைய தேதியைக் குத்தினாள்.

ஜீப் சத்தம் தேய்ந்தது. அறையில் இரண்டு பெண்கள். ஃபேன் சுற்றியது.

தங்கமயில் டீ கிளாசை நகர்த்தினாள். அட்டையில் ஈர வட்டம். அதற்குள் சிவப்பு எழுத்துக்கள்...

*ஏணி உடைந்துள்ளது. ஏறாதீர்கள்!*

"நேத்து மத்தியானம் நான் பை எடுக்க வந்தப்ப இது ஏணில தொங்கிச்சு யக்கா."

"ஆமா."

"எப்ப கழட்டுனிய?"

ருக்கு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். லிஸ்டில் அச்சாகாத ஒரு வரி கீழே இருந்தது. எண் அறுபத்திரண்டு. நூல்: நானெனும் நாவாய். வாஷி கிளை. ஆயுள் உறுப்பினர். நேற்று மாலை ஐந்து பத்து.

பெயர்: நாணு.

தங்கமயில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவர் ஆஸ்பத்திரில இருக்கறப்ப தலைவரே வந்து அந்த புக்குல வேற ஒரு காப்பியக் கட்டில்ல வெச்சுட்டுப் போனார்," என்றாள் ருக்கு. "இவர் நாலு பக்கம் படிச்சார். 'ருக்கு, இதுக்கெல்லாம் எனக்கு ஆயுசு இல்ல'ன்னு மூடி வெச்சுட்டார்."

"யக்கா..."

"அறுபத்தோரு தடவை கிளிக் பண்ணினேன். ஒண்ணும் தோணல. நேத்து இவர் பேர் வந்தது. கிளிக் பண்ணினேன். அப்பவும் ஒண்ணும் தோணல. எழுந்து போனேன். போர்டைக் கழட்டினேன். ஆத்துக்குப் போய் ரசம் வெச்சேன்."

"விழுவாருன்னு தெரிஞ்சேவா?"

"ஏறுவார்னு தெரியும். விழுவார்னு ஏணிக்குத்தான் தெரியும்."

தங்கமயில் துப்பட்டாவால் ஈர வட்டத்தைத் துடைத்து, அட்டையை இரண்டாக மடித்து, தாராவி கிளையின் பையில் திணித்தாள்.

"எங்க கிளைலயும் ஒரு ஏணி ஆடிட்டுக் கெடக்கு. இது இரவலா எங்ககிட்ட இருக்கட்டும்."

ருக்குவின் கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. "ஸ்லிப் எழுதணும்..."

"இத மட்டும் எழுதாதீய, யக்கா!"

பேனா அந்தரத்தில் நின்றது. மெல்ல அதை மூடினாள்.

டெலிபோன் அடித்தது.

"மேடம், வாஷிலேர்ந்து ஹரிகிருஷ்ணன்! டிவில தலைவர் நியூஸ் பாத்தீங்களா? அந்த புக்குக்கு இங்க மட்டும் பதினேழு ரிக்வெஸ்ட்! எல்லாம் நிஜ ஆளுங்க மேடம், எதிர்ல நிக்கறாங்க!"

"புக் போலீஸ் எடுத்துண்டு போயிருக்கு."

"எப்ப வரும்?"

"கேஸ் முடியணும். கோர்ட்... பதினஞ்சு வருஷம் ஆகலாம்."

"அவ்வளவு நாளா? எல்லாரும் ஆயுள் மெம்பர்ஸ் மேடம்! காத்திருப்பாங்களா?"

"ஆயுள் மெம்பர்ஸ்தானே?" என்றாள் ருக்கு. இரண்டு வருடத்தில் முதன்முறையாக உதட்டோரம் ஏதோ அசைந்தது. "செத்தாலும் காத்துண்டிருப்பா!"