சாமிதுரை வைத்த கற்றாழை

விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணாத்தாள் நடந்தே சீர்காழிக்கு வந்து, ஓய்வுபெற்ற ஏட்டு இளையபெருமாளின் வாசலில் நின்றாள்.

"ஏட்டய்யா, கத்தாழைத் தண்டை வெட்டிப்புட்டாங்க! மத்தியானம் தாசில்தார் வர்றாரே, நான் எதைக் காட்டுவேன்?"

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த மறுவருஷம் அது. அவள் குடிசை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று மிராசுதார் இராஜாங்கம் சாதித்தார். அவளிடம் காகிதம் எதுவும் கிடையாது. குடிசை போட்ட வருஷம், செத்துப்போன புருஷன் சாமிதுரை வேலியில் நட்ட ஆனைக்கற்றாழைதான் இருந்தது. பத்து வருஷத்துக்குக் குறைந்து அது பூக்காது. பூத்தண்டு ஆள் உயரம் எழும்பியதும், இதுதான் சாட்சி என்று சொன்னவரே இளையபெருமாள்தான். மிராசுதாரின் காரியக்காரர் காதுக்குப் போய்விடும், வீட்டில்கூட மூச்சு விடாதே என்றும் சொல்லிவைத்திருந்தார்.

"எப்ப நடந்துச்சு?"

"நேத்துப் பகல்ல. நான் நடவுக்குப் போயிருந்தேன். மவ செவ்வந்தி காய்ச்சல்னு வீட்டோட கெடந்தா. சத்தமே கேக்கலைங்கறா."

"காரியக்காரன்தான்!" என்றார் ஏட்டய்யாவின் திண்ணையில் உட்கார்ந்திருந்த, மனு எழுதும் துரைராசு. எந்த வழக்கிலும் முதல் நிமிஷத்திலேயே ஒருவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவது அவர் வழக்கம்.

மூவரும் குடிசைக்குப் போனார்கள். கை தடிமனுக்கு அடித்தண்டு மட்டும் மிச்சம் இருந்தது. வெட்டுவாயில் சாணி பூசி, வெயிலில் காய்ந்திருந்தது.

"வெட்டினது தெரியாம மறைச்சிருக்கான் பாருங்க," என்றார் துரைராசு. இளையபெருமாள் அந்தச் சாணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் ஏனோ வாடிவிட்டது.

மத்தியானம் தாசில்தாருடன் காரியக்காரரும் வந்தார். "இந்த முள்ளுச்செடியா சாட்சி?" என்று சிரித்தார்.

"இளங்கத்தாழை தண்டு விடாதுங்க. தண்டு போனாலும் அடி நிக்குது," என்றார் இளையபெருமாள். தாசில்தார் அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். மனை கண்ணாத்தாளுக்கே என்று எழுதினார்.

"வெட்டினவரையும் விசாரிங்க சார்!" துரைராசு காரியக்காரரைக் கைகாட்டினார்.

"அவர் வெட்டலை," என்றார் இளையபெருமாள். "இது சாட்சின்னு தெரிஞ்சது நமக்கும் கண்ணாத்தாளுக்கும்தான். அவருக்கு இப்பக்கூட முள்ளுச்செடிதான். அப்புறம் அந்தச் சாணி. வெட்டின கிளை பட்டுப்போகாம இருக்கத்தானே சாணி பூசுறோம்? கெடுக்க வந்தவன் வைத்தியமா பாப்பான்? இது பொழைக்கணும்னு நெனச்சவங்கதான் வெட்டியிருக்காங்க. பகல்ல வீட்டுல இருந்தது ஒருத்திதான்."

குடிசை வாசலில் செவ்வந்தி விசும்பினாள். பதினேழு வயசுப் பெண்.

"பூத்தா பட்டுப்போயிடும்னு நடவுல பேசிக்கிட்டாங்க. அப்பா வச்சது இது ஒண்ணுதான் இருக்கு. பூக்க விடாம வெட்டிட்டா இருந்துடும்னு... சாட்சின்னு சத்தியமா தெரியாதுங்க."

அடிக்க ஓங்கிய கையால் கண்ணாத்தாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். வீட்டில் சொல்லாதே என்று சொன்ன தன் நாக்கை இளையபெருமாள் நொந்துகொண்டார்.

அதிகாரிகள் போன பிறகு செவ்வந்தி இளையபெருமாளிடம் கேட்டாள். "இனிமே சாவாதுல்லங்க?"

பொய் சொல்லலாமா என்று அவர் நினைத்தார். மனசு வரவில்லை.

"தண்டு விட்டப்பவே அதுக்கு முடிஞ்சுபோச்சும்மா. வெட்டினாலும், வெட்டாட்டியும்."

"அப்ப நான் சும்மாவேதான் வெட்டினேனா?"

அவர் அடியில் முளைத்திருந்த பக்கக்கன்றுகளைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

பிறகு செவ்வந்தி கொட்டாங்கச்சியில் புதுச்சாணி கரைத்து எடுத்துவந்து, காய்ந்து வெடித்திருந்த வெட்டுவாயில் மறுபடியும் பூச ஆரம்பித்தாள்.