கொரியா நாடகமும் இரண்டு பூப்பொட்டலமும்

எனக்குக் கொரியா நாடகங்கள் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவை எனக்குப் புரிவதே இல்லை.

டப்பிங்கில் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள். அதனால் வார்த்தைகள் எல்லாம் புரியும். அவர்கள் நடந்துகொள்வதுதான் புரியாது. பேக்கரி நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணை முதலாளியின் மகன் பாதிக் கதை வரைக்கும் திட்டிக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் கொட்டுகிற மழையில் அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். ரொட்டி வண்டி ஓட்டும் இன்னொருவன் அவளுக்குக் குடை பிடிக்கிறான், சூப் வாங்கித் தருகிறான், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருகிறான். கடைசியில் அவள் யாரைக் கட்டிக்கொள்கிறாள் தெரியுமா? திட்டினவனை!

"ஏன் அத்தை இப்படி?" என்று கூடவே உட்கார்ந்து பார்த்த அத்தையிடம் கேட்டேன்.

"அவன்தான் ஹீரோ, கண்ணு. ரொட்டி வண்டிக்காரன் ரெண்டாவது ஹீரோ" என்றார் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"அதை யாரு முடிவு பண்ணுனது?"

அத்தை மறுபடியும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என் பெயர் பரணி. ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். திருப்பூரில், ராயபுரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அனுசுயா அத்தை என் அப்பாவின் தங்கை. பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட மாதிரியே பனியன் வருகிறதா என்று பார்த்துச் சரி சொல்வது அவர்தான். போனில் அவர்களோடு இங்கிலீஷில் சண்டைகூடப் போடுவார். சாயங்காலம் அத்தை வந்ததும் நாங்கள் இருவரும் ஒரு பாகம் பார்ப்போம்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. "வேலையத்த வேலை" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு, கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று, "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு? ஒத்துக்கிச்சா?" என்றும் கேட்பார்.

கொரியாவின் தீவு நிகழ்ச்சி ஒன்றும் பார்ப்போம். அது இன்னும் மோசம். அதில் நடிப்பே கிடையாதாம், எல்லாம் நிஜமாம். பத்துப் பேரைத் தீவில் கொண்டுபோய் விடுகிறார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் நாளே ஒருத்தி, "நீ என்னோடு சாப்பிட வரவில்லையே" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயரே இரண்டாம் நாள் எனக்குச் சரியாகத் தெரியாது! அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட, "உனக்கு ரசம் பிடிக்குமா? குறட்டை விடுவாயா?" என்று கேட்டதே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுப்போறதுக்கு எவ்வளவு நாளாகும், அத்தை?"

"நாடகத்துல பதினாறு பாகம். தீவுல ரெண்டு நாளு."

"நம்ம ஊருல?"

அத்தை யோசித்தார். "நம்ம ஊருல, ஒரு தட்டு பஜ்ஜி தீர்ற வரைக்கும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது.

அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் தீனதயாளன். பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் வைத்திருக்கிறாராம். அவருடைய அம்மாவும் வந்திருந்தார். அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். பெரியவர்கள் நூல் விலையைப் பற்றிப் பேசினார்கள். பஜ்ஜி தீர்ந்தது. "காபி நல்லா இருக்குதுங்க" என்றார் தீனதயாளன். அவர் பேசியது அவ்வளவுதான். அத்தை அதுகூடப் பேசவில்லை.

அவர்கள் போனதும் அத்தையிடம் ஓடினேன்.

"உங்களுக்கு அவரைப் புடிச்சிருக்குதா?"

"தெரியலையே, கண்ணு. குனிஞ்சுட்டே இருந்தனா, அவரு கால் விரலைத்தான் நல்லாப் பாத்தேன்."

"விரல் எப்படி?"

"நகமெல்லாம் சுத்தமா வெட்டியிருந்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. "அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. புடிக்கலைன்னு சொல்லவும் ஒண்ணுமில்ல. புடிச்சிருக்குன்னு சொல்லவும் ஒண்ணுமில்ல" என்றார்.

வெளிநாட்டுக்காரர்களோடு சண்டை போடுகிற அத்தை, அப்பா முன்னால் மட்டும் ஏன் இப்படி ஊமையாகிவிடுகிறார்? அதுவும் எனக்குப் புரியவில்லை. அப்பா கோபக்காரர்கூட இல்லை. பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறிக்கொள்கிற ஆள்!

அப்பா யாரையும் கேட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை நம்ம கோயில்ல பூ கேட்டுப் பாத்தரலாம். சாமியே சொல்லீரும்" என்றார்.

பூ கேட்பது எப்படி என்று அம்மா எனக்குச் சொன்னார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, பூசாரி சாமி முன்னால் வைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் இல்லை.

"எந்தக் குழந்தைம்மா?"

"நம்ம ஊட்டுல வேற யாரு இருக்கறாங்க? நீதான்!"

வீட்டில் எனக்கு எந்தச் சட்டை வாங்குவது என்பதைக்கூட அம்மாதான் முடிவு செய்வார். அத்தைக்கு எந்த மாப்பிள்ளை என்பதை மட்டும் நான் எடுக்க வேண்டுமாம்!

அடுத்த ஞாயிறு அப்பாவின் கம்பெனி வேனில் கிளம்பினோம். எங்கள் குலதெய்வக் கோயில் குண்டடம் பக்கத்தில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. வேனில் இருந்த பஞ்சுத் தூசி அம்மாவின் பட்டுப் புடவை முழுக்க ஒட்டிக்கொண்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தீனதயாளனும் அவருடைய அம்மாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். பூசாரி இரண்டு பொட்டலங்களைச் சாமி முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார்.

"கண்ணை மூடிட்டு எடு, கண்ணு" என்றார் அப்பா.

கண்ணை மூடினேன். கையை நீட்டினேன். உடனே கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் எடுக்க மாட்டேன்ப்பா."

"பரணி!" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

"இல்லீங்ம்மா. ஒரு பனியனுக்கு ஆர்டர் போடோணும்னாலே முன்னாடி சாம்பிள் கேக்கறாங்க. அதைத் தொவைச்சுப் பாக்கறாங்க. சுருங்குதா, சாயம் போகுதான்னு பாக்கறாங்க. அத்தை தினமும் அதைத்தான பண்றாங்க? இவங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலீங்களே!"

வெளியே கட்டியிருந்த ஆடு மட்டும் கத்தியது. அழுகை வந்துவிடும் போல இருந்தது.

முதலில் சிரித்தது தீனதயாளனின் அம்மாதான். "டேய் தயாளா, உன்னையத் தொவைச்சுப் பாக்கோணுமாமாடா!"

"பாப்பா சொல்றது சரிதானுங்க" என்றார் தீனதயாளன் மெதுவாக. "கொஞ்ச நேரம் பேசிட்டு வந்தரட்டுங்களா?"

அப்பா பூசாரியைப் பார்த்தார். "சாமிக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. எனக்கும் இல்லீங்க" என்றார் பூசாரி.

கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அத்தை ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். தீனதயாளன் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னிடம் இரண்டு தொன்னையில் பொங்கல் கொடுத்து அனுப்பினார். போய்ப் பார்த்தால் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவரும் அத்தையின் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

எனக்கு வந்ததே கோபம். இதற்காகவா நான் அத்தனை பேர் முன்னால் மாட்டிக்கொண்டேன்? தீவு நிகழ்ச்சி மாதிரியே ஆகிவிடும் போல இருந்தது. இங்கே பார்க்கக் கடல்கூட இல்லை.

"உங்களுக்கு முதல் ஹீரோ புடிக்குமா, ரெண்டாவது ஹீரோ புடிக்குமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

"எந்த நாடகத்துல, பாப்பா? பேக்கரிக் கதையிலயா?"

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "நீங்க கொரியா நாடகம் பாப்பீங்களா?"

"மிஷின் ஓடறப்ப பக்கத்துலயே இருக்கோணுமுங்க. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கீழ வர்ற எழுத்தைப் படிச்சுப் படிச்சே முழுசும் பாத்துட்டேன்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்கு முதல் ஹீரோதானுங்க புடிக்கும்."

"மழையில எறக்கி உட்டுட்டுப் போனவனா?" என்றார் அத்தை.

"திரும்பி வந்தானுங்களே!"

"அவ முழுசா நனைஞ்ச பொறவு வந்தான். அதுக்குள்ள ரொட்டி வண்டிக்காரன் குடையோட வந்துட்டான்."

"வந்து என்னங்க பண்ணுனான்? மனசுல இருக்கறதைக் கடைசி வரைக்கும் அவகிட்டச் சொல்லவே இல்லீங்களே. சொல்லாம வெச்சுட்டிருந்தா அவளுக்கு எப்படீங்க தெரியும்?"

"சொன்னாத்தான் தெரியுமா? பாத்தாத் தெரியாதா?"

"தெரியாதுங்க! எனக்கெல்லாம் சொன்னாத்தானுங்க தெரியும்!"

"அப்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க. என்னைய எவனாச்சும் மழையில எறக்கி உட்டா, அப்பறம் அந்த வண்டியில நான் ஏறவே மாட்டேன்!"

"எறக்கி உட மாட்டனுங்க. நான் வெச்சிருக்கறது பைக்குங்க. நனைஞ்சா ரெண்டு பேருந்தான் நனைவோம்!"

சண்டை! நான்தான் மூட்டிவிட்டேன். பேச வைக்கப் போய் இப்படி ஆகிவிட்டதே! அம்மாவிடம் ஓடி, "அம்மா, ரெண்டு பேரும் சண்டை போடறாங்க" என்றேன். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பொங்கல் தொன்னை மடியில் சாய்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை. என்னோடு நாடகம் பார்க்கும்போதுகூட அத்தை அப்படிச் சிரித்ததில்லை.

சண்டை போட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா, பிடித்திருக்கிறது என்று அர்த்தமா? யாரைப் போய்க் கேட்பது?

இருவரும் திரும்பி வந்தார்கள். அத்தையின் முகம் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பொட்டலங்களையே பார்த்தார்கள்.

"பேசியாச்சல்ல? இப்ப எடு, சாமி" என்றார் அப்பா. எங்கள் பக்கம் செல்லமாகக் கூப்பிடுவதும் சாமி என்றுதான்.

முன்பைவிட இப்போதுதான் அதிகமாகப் பயந்தேன். முன்பு சிவப்பு வந்திருந்தால் அத்தைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இப்போது சிவப்பு வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமே! அது என் கையால் நின்றுவிடுமே!

கண்ணை மூடினேன். வலது பக்கமா, இடது பக்கமா? பெரியவர்கள் எடு என்றார்கள். எத்தனை என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளப் போவது இரண்டு பேர். இருப்பது இரண்டு பொட்டலம்.

இரண்டு கையையும் நீட்டி, இரண்டையும் எடுத்தேன். ஒன்றை அத்தையிடமும் ஒன்றைத் தீனதயாளனிடமும் கொடுத்தேன். "ஆளுக்கு ஒண்ணு" என்றேன்.

பூசாரி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். "இத்தன வருசத்துல இப்படி ஒருத்தரும் எடுத்ததில்லீங்களே" என்றார்.

தீனதயாளன் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அரளி. அவருடைய அம்மா, "அப்பனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தை பிரித்தார். சிவப்பு.

இப்போது எல்லாருக்கும் குழப்பம். அப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி அப்பாவைப் பார்த்தார். "வெள்ளையும் வந்திருக்குது, செவப்பும் வந்திருக்குது. நான் என்னன்னு சொல்லட்டுமுங்க?" என்றார் அவர்.

தீனதயாளனின் அம்மாவின் முகம் வாடியது. "மாப்பிள்ளைக்குச் சம்மதம், பொண்ணுக்கு இல்லைன்னு அர்த்தமுங்களா?"

போச்சு, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது.

அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என்னைவிடக் குழம்பிப்போன குரல் அது.

"அம்மிணி... அனு... உனக்குப் புடிக்கலையா? நீயே சொல்லு சாமி."

முந்தானையை விலக்கிப் பார்த்தேன். பொட்டலங்களை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புடிச்சிருக்குதுங்ணா" என்றார் அத்தை.

அதைச் சொல்ல அத்தைக்கு நேரமே ஆகவில்லை. கேட்கத்தான் எங்களுக்கு இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.