வார்டு வாசலில் ஒரு போக்குவரத்துக் காவலர்

எலும்பு முறிவு வார்டில் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட பத்து வயதுப் பெண். காலில்தான் மாவுக்கட்டு, வாய்க்கு எந்தக் கட்டும் இல்லை.

அங்கே அவளுக்கு மிகவும் பிடித்தவர் பிசியோதெரபி உதவியாளர் அக்கா. காலையானதும் அகலமான இடுப்புப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாக்கரோடு வந்துவிடுவார். படுத்திருப்பவர்களைக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார். முட்டி வீங்கியவர்களுக்கு ஐஸ் வைப்பார். நடக்கிறவர்களுக்கு இடுப்பில் பட்டையைக் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டே கூட நடப்பார். அடிபட்ட காலை ஊன்றாமல் வாக்கரோடு தத்தித் தத்திப் போக வாயாடிக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவள் தனியாகவே நடக்கிறாள்.

அக்கா சொன்னால் வார்டே கேட்கும். பக்கத்துக் கட்டில் போலீஸ் அத்தை மட்டும் கேட்கவில்லை.

அத்தை போக்குவரத்துக் காவலர். பெரிய பெரிய லாரிகளைக் கை காட்டி நிறுத்துகிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது. இனி எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அக்காவின் தலை தெரிந்தாலே அத்தைக்குத் தலை வலிக்கும். இல்லாவிட்டால் தூக்கம் வரும்.

"நாளைக்குப் பாக்கலாம்மா" என்பார்.

நாளைக்கு எழுந்தால் என்ன என்று வாயாடி அக்காவிடம் கேட்டாள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் பலம் போய்விடும், அப்புறம் வேலைக்குத் திரும்புவதே பெரும்பாடு என்று அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முகம் வாடியிருந்தது.

அத்தைக்குப் பிடிவாதம் என்றார் எதிர்க் கட்டில் டீச்சர். வாயாடிக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்கர் சத்தம் கேட்டதும் அத்தையின் கை கட்டில் கம்பியை இறுக்குவதை அவள் பார்த்திருந்தாள். முதல் நாள் அவளும் அப்படித்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கிறது என்று புளுகினாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான்.

மத்தியானம் வார்டுக்கு வெளியே நடைவழியில் ஒரே நெரிசல். சாப்பாட்டு வண்டி ஒரு பக்கம், எக்ஸ்ரே எடுத்துத் திரும்பும் ஸ்ட்ரெச்சர் மறுபக்கம். முந்தின நாள்தான் சாப்பாட்டு வண்டி வாயாடியின் வாக்கரை இடித்திருந்தது. நடக்கக் கிளம்பியவள் அத்தையின் கட்டிலருகே நின்றாள்.

"அத்தை, அந்த வண்டிங்களப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் நிறுத்தி விடறீங்களா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். சுவர் மறைத்தது.

"இங்கேருந்து ஒண்ணும் தெரியலியே."

"வாசல்ல நின்னா தெரியும்."

அத்தை முறைத்தார். "என்னையே மடக்கப் பாக்கறியா நீ?"

வாயாடி குரலைத் தணித்துக்கொண்டாள். "நிக்க எனக்கும் பயமா இருந்துச்சு அத்தை. ஆனா அக்கா பட்டைய விடவே மாட்டாங்க. ஒரு தடவ நான் சாஞ்சே போயிட்டேன். அப்பவும் விடல."

அத்தை கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அக்காவக் கூப்பிடு" என்றார்.

அக்கா வந்தார். அவசரப்படவில்லை. வாக்கரின் உயரத்தைச் சரிசெய்தார். வழுக்காத செருப்பை மாட்டிவிட்டார். பட்டையைக் கட்டி, இழுத்துப் பார்த்தார்.

"நான் பிடிச்சிருக்கேன் மேடம். தரையப் பாக்காதீங்க, வாசலப் பாருங்க."

அத்தை எழுந்தார்.  வாசலைப் பார்த்தபடி நின்றார். வாக்கரை நகர்த்தி, அடிபட்ட காலை வைத்து, அடுத்த காலைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கே வந்துவிட்டார். டீச்சர் சாப்பிடுவதை மறந்து பார்த்தார்.

ஒரு கையை எடுக்கலாமா என்று அத்தை கண்ணாலேயே கேட்டார். அக்கா பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துத் தலையசைத்தார்.

அத்தையின் கை உயர்ந்தது. சாப்பாட்டு வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சர் நின்றது. அவசரமாக வந்துகொண்டிருந்த டாக்டரும் ஏன் என்று தெரியாமலே நின்றுவிட்டார்.

"நீ போம்மா" என்றார் அத்தை. வழிவிட்டு நின்ற கூட்டத்துக்கு நடுவே வாயாடி ராணி மாதிரி நடைவழியின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள்.

எழவே மாட்டேன் என்றவரை எப்படி எழுப்பினீர்கள் என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"நான் பிடிச்சிக்கிட்டேன், அவ்வளவுதான் சார். எழுப்பினது இதோ, எங்க புது உதவியாளர்."

டாக்டர் குனிந்து வாயாடியிடம், சக டாக்டரிடம் பேசுவதுபோல, "பிரமாதப்படுத்திட்டீங்க" என்றார்.

வாயாடி முதுகை நிமிர்த்திக்கொண்டு கட்டிலை நோக்கிக் கிளம்பினாள். வாசலில் அக்காவும், அக்காவின் பிடியில் அத்தையும் நின்று, அவள் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.