கைநாட்டு வாங்க வந்தவன்

"ஐயோ... என்ன வுட்டுட்டுப் பூட்டியே!"

அம்முலுவின் அலறலில் காலனியே கூடிவிட்டது.

அவள் புருஷன் சின்னப்பையன் வீட்டுக்குள் பெஞ்சில் கிடந்தான். மூக்கில் பஞ்சு. தாடையில் கட்டு. நெற்றியில் ஒரு ரூபாய்.

உள் அறைக் கதவுக்குப் பின்னால் கீர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் செல்போன்.

வருவானா?

வராமல் எங்கே போவான்! திருமுக்கூடல் ரோட்டு அரிசி மில், பெஞ்சில் கிடக்கும் இந்தக் கூலியாள் பேரில் அல்லவா இருக்கிறது! கீர்த்திக்கு ஜீவனாம்சம் கொடு என்று கோர்ட் சொன்னதுதான் தாமதம்... மாஜி புருஷன் வினோத்குமார் மில்லைப் பேர் மாற்றிவிட்டு திவால் என்று மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான், படுபாவி! "போட்ட சட்டைதான் மிச்சம்" என்று ஜட்ஜ் எதிரில் அழுதான். வெளியே வந்து கீர்த்தியைப் பார்த்துச் சிரித்தான்.

மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வழியில்லை. அவனுக்குச் சிரிப்பு!



டர்ர்ர்...

புல்லட் வந்து நின்றது.

"எல்லாரும் வெளிய இருங்க. அம்முலு, நீ மட்டும் இரு!"

வினோத்குமார் வாசல் கதவைச் சாத்தினான். பையிலிருந்து முத்திரைத்தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தான்.

"இன்னா சாமி இது?"

"கத்தாத! மில்லு என்னுது. கோர்ட்ட ஏமாத்தத்தான் இவன் பேர்ல எழுதி வெச்சேன். நாளைக்கு உம் புள்ளைங்க வாரிசுன்னு வந்து நிப்பாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு கைநாட்டு!"

"பொணத்துகிட்டயா...?"

"முன்தேதி போட்டுக்கறேன். காரியச் செலவு பூரா என்னுது."

"அந்தம்மாவுக்கு ஜீவனாம்சம் தரணுமாமே?"

"தீர்ப்ப வெச்சி நாக்கு வழிக்கச் சொல்லு!"

கீர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். செல்லில் சிவப்புப் புள்ளி மின்னியது.

வினோத்குமார் சின்னப்பையனின் கையைத் தூக்கினான்.

"இன்னும் சூடாத்தான் கீது. நல்லதாப் போச்சி!"

கட்டை விரலை மையில் அழுத்தினான். தாளை நோக்கி இழுத்தான்...

வரவில்லை!

ஐந்து விரல்களும் அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகின!

"ஆ...!"

கீர்த்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மில்லு உன்னுதுன்னு நீயே சொல்லிட்ட. எல்லாம் பதிவாயிடுச்சி! கோர்ட்டுல போட்டுக் காட்டி மில்ல ஏலத்துக்குக் கொண்டாரேன். எம் பாக்கி மொத்தமும் கறக்காம வுடமாட்டேன்!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு இனித்தது.

சின்னப்பையன் எழுந்து உட்கார்ந்தான். மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

"கடன் பத்தரம்னு சொல்லித்தான என்கிட்ட கைநாட்டு வாங்கினீங்க மொதலாளி? கவர்மெண்ட் வூடு கேட்டுப் போனேன். மில்லு ஓனருக்கு வூடு கெடையாதுன்னு தொரத்திட்டாங்க! அப்பதான் இந்தம்மாவத் தேடிப் போனேன்."

வினோத்குமார் கையை உதறினான்.

"நீ... நீ சாவலையா?"

"நீங்க திவாலான மாதிரிதான் மொதலாளி, நானும் செத்தேன்!"