கூர் மழுங்காத கத்தி

"உண்மையச் சொல்லுங்க மாமி! இந்தக் கத்தியால என்னத்த வெட்டின நீங்க?"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் தொடவே இல்ல, மருமகன்! உங்கட கொழும்புக் கத்தி எனக்கென்னத்துக்கு?"

"அப்ப, அந்தியில தீட்டி வைக்கிற கூர் விடியக்குள்ள எங்க போகுது?"

சாய்ந்தமருதில் அந்தக் கிடுகு வேலிக்கு இப்பால் இருந்த எங்கள் எல்லோருக்கும் இது கேட்டது. கேட்காமலிருக்க நாங்கள் என்ன செவிடா? ஸலாஹுதீன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீமைக் கத்தி. துருவே பிடிக்காதாம், கூரே மழுங்காதாம். பிள்ளை பிறந்ததும், பெற்றவளின் தலைமாட்டில் சல்மா உம்மா ஜின் அண்டாமல் காவலுக்கு வைத்த இரும்புப் பாக்குவெட்டியை, "கறள் பிடிச்ச சாமான்" என்று கிணற்றில் எறிந்துவிட்டு மருமகன் இதை வைத்தார். நாகரிகக்காரர் அல்லவா!

உள்ளே ஸம்ஸியா பிள்ளையோடு படுத்திருந்தாள். பெற்று நாற்பது நாள் முடியும்வரை அந்த அறை வாசலை அவள் தாண்டக் கூடாது. சாம்பிராணிப் புகை, உள்ளிப்பூண்டு வாடை, கடல் இரைச்சல், தொட்டில் கயிறு ஓயாமல் முனகும் சத்தம் எல்லாம் அந்தச் சாத்திய அறைக்குள் அவளோடு அடைபட்டுக் கிடந்தன. உம்மா கத்தியைத் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலின் மரக்கம்பிகளில் ஒவ்வொரு விடியலிலும் வெட்டு ஆழமாகியிருந்தது.

வெட்டு இருந்தது உட்பக்கத்தில்.

"இஞ்சாருங்க, இண்டைக்குத் தீட்டாதீங்க. உள்ளுக்கு ஒண்டு நிக்குது. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போகப் பாக்குது. கிணத்துல எறிஞ்ச அந்தப் பாக்குவெட்டிய எடுத்துத் தாங்க."

"எலி அரிச்சிருக்கும் புள்ள. எலிக்குப் பயந்து கத்திய மொட்டையா வைக்கிறதா?"

அந்தியில் தீட்டினார். கையிலிருந்த மயிரைச் சிரைத்துக் காட்டினார். தலைமாட்டில் வைத்துவிட்டு மஃரிப் தொழப் போனார். உம்மா கிணற்றடியில்.

விளக்குச் சுடர் சாய்ந்தது. காற்றில்லை. கட்டிலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. தலைமாட்டில் கத்தி இல்லை.

மரம் அறுபடும் சத்தம். மெதுவாக. பொறுமையாக.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை அசையவில்லை.

தொட்டில் கயிற்றின் முனகல் நின்றது.

கம்பி முறிந்தது.

ஸலாஹுதீன் ஓடிவந்தபோது ஜன்னலில் ஆள் நுழையும் ஓட்டை. கீழே கத்தி, மொட்டையாக. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவர் மூச்சு விட்டார். "பிள்ள இருக்கு புள்ள! பிள்ள இருக்கு!"

ஸம்ஸியா வாரியெடுத்து மார்போடு அணைத்தாள். பால் குடித்தது. வாயோரம் வழிந்தது சிவப்பாக இருந்தது.

நாற்பது முடியாத பிள்ளை. ஈறு முழுக்கப் பல்.

ஸலாஹுதீன் அந்த வருடமே மருதமுனையில் நெசவுக்காரர் வீடொன்றில் இரண்டாம் கலியாணம் முடித்து அங்கேயே குடிபோனார். கத்தியை மட்டும் மறக்காமல் கொண்டுபோனார். சல்மா உம்மா அக்கரைப்பற்றிலுள்ள தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். நாற்பது எப்போதோ முடிந்தும் ஸம்ஸியா வெளியே வரவில்லை. பிள்ளை விடுவதில்லையாம்.

அந்த வீட்டில் இப்போது கத்தி ஒன்றும் கிடையாது. தீட்டுக்கல் மட்டும் கிடக்கிறது. மஃரிப் பாங்கு ஓய்ந்ததும் வேலிக்கு இப்பால் எங்களுக்குக் கேட்கிறது.

சரக்... சரக்...