கீறாத மாவுக்கட்டு

காலை ஐந்தரை. இலஞ்சி வீட்டில் ஆதித்தனின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

லீவு முடிந்து, மத்தியானம் திருவனந்தபுரத்தில் சவுதி விமானம். நாளைக்குள் போய் இறங்காவிட்டால் விசா காலாவதி, வேலையும் அதோடு போச்சு. நேற்றுத்தான் குற்றாலத்தில் எண்ணெய் வழிந்த தரையில் வழுக்கி விழுந்து, காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. போதாக்குறைக்கு இது வேறு.

ஆதித்தனின் மனைவி ரத்தினம் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தங்கை ரூபி தென்காசியில் ஏட்டு. போலீஸ் வீட்டிலேயே இருந்தும் என்ன, அக்காள் அழுத அழுகையில் அவளுக்கே எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"கடைசியா யாருக்கா பாத்தது?"

"ராத்திரி நாந்தான் அவுக தலமாட்டு சன்னல்ல வச்சேன். கதவு உள்பக்கம் பூட்டுனது பூட்டுனபடியே கெடக்கு. எல்லாம் இந்த ஜஸ்டின் வேலை! அண்ணன் போகக்கூடாதுன்னு நேத்தெல்லாம் சண்டை போட்டான்."

ஆதித்தனின் தம்பி ஜஸ்டினுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா மைனி? இந்தக் காலோட போகாதன்னேன், போயே தீருவேன்னான். சூதானமா போகட்டும்னுதான் கட்டைக் கீற ஆஸ்பத்திரி ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

"கட்டை எதுக்குக் கீறணும்?" ரூபி கேட்டாள்.

"புதுக்கட்டுல்லா? பறக்கையில கால் வீங்குனா இறுக்கிப் பிடிச்சிரும். கீறி விட்டாத்தான் விமானத்துல ஏத்துவான். டாக்டர் நேத்தே கீறுதேன்னாரு, அண்ணன் வேண்டாம்னுட்டான். ராத்திரி நான் ஆள் ஏற்பாடு பண்ணிட்டு அவன்ட்ட சொன்னேன்."

பீரோ, பெட்டி, அரிசிப் பானை வரை தேடியாயிற்று. ஆதித்தன் கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். ரத்தினம் தலையணையைச் சரிசெய்யப் போனாள்.

"தொடாத! உயிர் போகுது!"

ரூபிக்குச் சொல்லவும் மனம் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "அக்கா, எடுத்தது அத்தான்தான்."

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"போக நெனச்சவரு நேத்தே கீற விட்டிருப்பாரு. கீறாத கட்டோட போனா ஏர்போர்ட்காரனே திருப்பி அனுப்பிருவான், பழி இவருக்கு வராது. ஜஸ்டின் ஆள் ஏற்பாடு பண்ணவும் அது நடக்காமப் போச்சு, அதான் பாஸ்போர்ட்டை ஒளிச்சுட்டாரு. சன்னலு கையெட்டுற தூரம். வீடு பூரா தேடுனோம், இந்தத் தலையணைய மட்டும் தொட விடல."

காலை மெல்லத் தூக்கி, தலையணை உறைக்குள் கையை விட்டாள். பாஸ்போர்ட் வந்தது.

ரத்தினத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "நெசமாவே வழுக்கித்தான் விழுந்தீங்களா? இல்ல, அதுவும் நாடகமா?"

"விழுந்தது நெசம்." ஆதித்தனின் குரல் உடைந்தது. "அங்கன இனிமே என்னால தனியா கெடக்க முடியாது. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. வலி வாரதுக்கு முன்னால சந்தோசம் வந்துட்டு, ரத்தினம்."

"பாவி மனுசா, இத எங்கிட்ட சொல்ல என்ன கேடு?" என்று அழுதுகொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் ரத்தினம். "நீங்க எங்கயும் போக வேண்டாம்."